ஓதம் விலகும் நேரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து கடற்கரைக்குச் சற்று அப்பால் இருக்கும் லிண்டிஸ்ஃபார்னை அப்பகுதி மக்கள் ‘புனிதத் தீவு’ என்று அழைக்கிறார்கள். நாளுக்கு இரண்டு முறை, ஓதம் என்னும் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தில், கடல் விலகும்போது, கரைக்கும் தீவுக்கும் இடையே ஈர மணல்வெளி ஒன்று வெளிப்படுகிறது. அதன் குறுக்கே, வரிசையாக நடப்பட்ட மரக்கம்பங்களைப் பின்பற்றித் தீவை அடையும் பழைய வழிக்கு ‘யாத்திரிகர் பாதை’ என்று பெயர். நான் இந்தப் பாதையை வழிகாட்டிகளுடன் ஆறு முறை நடந்திருக்கிறேன். நியூகாசிலிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களும், கோடையில் அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் புறப்படுமுன் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியுள்ளேன்.

நடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

கரையில் பீல் என்னும் சிற்றூரைத் தாண்டி, தீவுக்குச் செல்லும் தார்ச்சாலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் நடை தொடங்குகிறது. முதலில் அந்தச் சாலையோரமாகவே சிறிது தூரம் செல்ல வேண்டும். ஓடையின் மேலுள்ள பாலத்துக்கு அருகில் சாலை ஒரு பக்கம் விலக, கம்ப வரிசை தனியே பிரிந்து மணல்வெளியின் குறுக்கே நேராகச் செல்கிறது. தீவில் சேர் எண்ட்ஸ் என்னும் இடத்தில், ஊரின் ஓரத்தில், அது கரையேறுகிறது. மொத்தம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். சாதாரணத் தரையில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரம் என்றாலும் இங்கே இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஈர மணலில் கால் புதைவதும், கணுக்கால் அளவு நீர் தேங்கிய இடங்களில் நிதானிக்க வேண்டியிருப்பதும், தீவை நெருங்கும்போது சேறு காலைப் பிடித்துக்கொள்வதும் வேகத்தைக் குறைத்துவிடும்.

கடல் அவ்வளவு தூரம் எப்படி விலகுகிறது? நம் ஊரில் இப்படிப் பார்த்ததில்லையே?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் இராமநாதபுரம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பகுதிகளிலிருந்து வருபவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இராமேசுவரத்தை ஒட்டிய கடலில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் சற்றே ஏறுகிறது, சற்றே இறங்குகிறது என்ற அளவில்தான் நமக்கு அது தெரியும். லிண்டிஸ்ஃபார்னிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 4 மீட்டர். அட்டமியை ஒட்டிய நாள்களில் அதில் பாதி அளவு. இங்கே கடலடி மிகத் தட்டையானது என்பதால், நீர்மட்டம் செங்குத்தாக ஒரு மீட்டர் இறங்கினாலே கிடைமட்டத்தில் பல நூறு மீட்டர் தரை வெளிப்பட்டுவிடுகிறது. அதே கணக்கு திரும்பும்போதும் பொருந்தும் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். நீர்மட்டம் சற்றே ஏறினால் போதும், பெரும் மணற்பரப்பு நீராகிவிடும்.

ஓர் உயர் ஓதத்திலிருந்து அடுத்த உயர் ஓதத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. சென்ற வாரம் நண்பர் ஒருவர் காலை பத்து மணிக்கு நடந்தார் என்பதற்காக இந்த வாரம் நாமும் பத்து மணிக்குப் புறப்பட முடியாது. இன்னொரு செய்தியும் உண்டு. ஒரே இடத்தில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதங்கள் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே மணிக்குத்தான் உச்சத்தை அடையும். லிண்டிஸ்ஃபார்னில் அது பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள்ளும், பின்னிரவில் அதே நேரத்திலும் அமையும். ஆகவே அந்த நாள்களில் மணல்வெளி நன்றாகத் திறந்திருப்பது காலை எட்டு ஒன்பது மணியளவிலும் இரவு எட்டு ஒன்பது மணியளவிலும்தான். பௌர்ணமி நாளில் நண்பகல் நடை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நாள்காட்டியைப் பார்க்காமலே கிடைக்காது என்று சொல்லிவிடலாம்.

இந்த உண்மையை எழுத்தில் வைத்தவர்களில் முதன்மையானவர் இதே நாட்டுக்காரர். இங்கிருந்து தெற்கே ஜாரோ என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்த துறவி பீட், 725ஆம் ஆண்டில் காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், ஓதம் நிலவைத் தொடர்கிறது என்பதையும் ஒவ்வொரு துறைக்கும் அதற்கே உரிய ஓத நேரம் உண்டு என்பதையும் விளக்கியிருக்கிறார். பின்னர் 731இல் முடித்த வரலாற்று நூலில், லிண்டிஸ்ஃபார்ன் நாளுக்கு இரண்டு முறை கடல் சூழ்ந்து தீவாகிறது, இரண்டு முறை கரை உலர்ந்து நிலத்துடன் சேர்கிறது என்று குறித்தார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் இன்று நாம் காலால் நடந்து பார்க்கிறோம்.

சாலைக்கான பாதுகாப்பு நேர அட்டவணையைப் பார்த்து நடக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த விடையை மட்டுமாவது முழுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தீவுக்குச் செல்லும் சாலை 1954இல் திறக்கப்பட்டது. நார்தம்பர்லாந்து மாவட்ட மன்றம் ஒவ்வொரு நாளும் அந்தச் சாலையில் வாகனங்கள் பாதுகாப்பாகக் கடக்கக்கூடிய நேரங்களை அட்டவணையாக வெளியிடுகிறது. அந்த அட்டவணை சாலைக்கு உரியது. சாலை மேடாக்கிப் போடப்பட்டது. கார் பத்து நிமிடத்தில் கடந்துவிடும். மணல்வெளிப் பாதையோ தாழ்வான தரையின் குறுக்கே செல்கிறது. நடப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாலை மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும் என்று அட்டவணையில் கண்டு, மூன்று மணிக்குப் புறப்பட்டால் போதும் என்று கணக்கிடுபவர், பாதி வழியில் இருக்கும்போதே நீர் அவரைச் சூழத் தொடங்கிவிடும்.

நடப்பவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை எளிமையானது. அட்டவணையில் தரப்பட்ட இரண்டு நேரங்களின் நடுப்புள்ளிதான் ஏறத்தாழத் தாழ் ஓத நேரம். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது புறப்பட்டு, அந்த நடுப்புள்ளிக்குள் தீவில் கால் வைத்துவிட வேண்டும். விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு சொல்கிறேன். சாலை காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கிறது என்றால், நடுப்புள்ளி பிற்பகல் 1 மணி. காலை 10.30 மணியளவில் புறப்படும் குழு 1 மணிக்கு முன் ஊருக்குள் இருக்கும். வழியில் யாருக்காவது கால் சுளுக்கினாலும் குழந்தை சேற்றில் செருப்பை விட்டாலும், அதற்குப் பிறகும் நீர் தாழ்ந்தே இருக்கிறது. அடுத்த பாதியைத் தொடாமல் விட்டுவைப்பதுதான் நம் பாதுகாப்பு. வழிகாட்டிகள் அந்த நேரத்தைச் சேமிப்புப் பணம் போல நினைக்கச் சொல்வார்கள். அவசரத்துக்கு அன்றி அதில் கை வைக்கக் கூடாது.

நீர் திரும்பி வரும் விதத்தையும் சொல்ல வேண்டும். மெரினாவில் அலை வருவதுபோல எதிரே வந்து எச்சரித்துவிட்டு இங்கே கடல் ஏறுவதில்லை. மணல்வெளி தட்டையாகத் தெரிந்தாலும் அதில் மேடும் பள்ளமும் உண்டு. ஏறும் நீர் முதலில் பள்ளங்களிலும் ஓடைகளிலும் ஓசையின்றிப் புகுகிறது. நாம் நிற்கும் மேடு உலர்ந்தே இருக்கும். நமக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளம் மட்டும் நமக்குப் பின்னால் நிறைந்துகொண்டிருக்கும். திரும்பிப் பார்க்கும் நேரத்தில் அது இடுப்பளவு ஆழமாகியிருக்கலாம். இதே நாட்டின் மேற்குக் கரையில் மோர்கம் விரிகுடாவில், 2004 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். அந்தக் கரையின் ஓதம் லிண்டிஸ்ஃபார்னினும் பெரியது. ஆனால் நீர் மனிதரைச் சூழும் முறை இரண்டிலும் ஒன்றே.

எங்கள் மூன்றாவது நடையின்போது, வழியில் நேர்ந்த தாமதத்தால் நாங்கள் ஐம்பது நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தோம். வானம் தெளிவாக இருந்தது, மணல் முழுவதும் உலர்ந்து கிடந்தது, தீவின் கோட்டை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தெரிந்தது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்று நடை இல்லை என்றார். எங்களில் சிலருக்கு வருத்தம்; பெரியவர் ஒருவர் வெளிப்படையாகவே கோபித்துக்கொண்டார். வாக்குவாதம் செய்யாத வழிகாட்டி, எங்களைச் சாலைவழியே தீவுக்குப் போய்வரச் சொல்லி, குறிப்பிட்ட நேரத்தில் சேர் எண்ட்ஸ் கரையில் வந்து நிற்கச் சொன்னார். நின்றோம். நடந்திருந்தால் நாங்கள் தாமதமாகக் கடந்திருக்கக்கூடிய இடங்களில், கம்பங்களுக்கு இடையே, முதலில் வெள்ளிக் கோடுபோல் ஒரு மினுக்கம் தெரிந்தது. பின்னர் அது அகலமானது. அரை மணி நேரத்தில் கம்பங்கள் நீரில் நின்றன. கோபித்துக்கொண்ட பெரியவர்தான் முதலில் போய் வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழிகாட்டி கட்டாயமா?

சட்டப்படி கட்டாயமில்லை. கம்ப வரிசை தெளிவாக இருப்பதால், ஓதக் கணக்கு தெரிந்தவர்கள் தாமாகவே நடக்கிறார்கள். ஆயினும் முதல் முறை செல்பவர்கள், குழந்தைகளுடனோ முதியவர்களுடனோ செல்பவர்கள், நம்மைப் போல் பெரிய ஓதம் இல்லாத கடற்கரையில் வளர்ந்தவர்கள் ஆகியோர் வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதை காட்டுவது வழிகாட்டியின் வேலையில் சிறு பகுதிதான். அட்டவணையில் உள்ள நேரம் கணிப்பு என்பதை அவர் அறிவார். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். வடக்கிலிருந்து பலமான காற்று தொடர்ந்து வீசினால் நீர் கணித்த நேரத்துக்கு முன்பே வந்துவிடும். மழைக்குப் பின் ஓடைகளில் நீர் கூடியிருக்கும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, இன்று புறப்படலாமா வேண்டாமா என்று சொல்வதற்குத்தான் அவர் தேவைப்படுகிறார். ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லும் நாளில் வருந்தாமல் ஏற்றுக்கொள்ளும் மனத்துடன் வாருங்கள்.

வழியில் உயரமான கால்களின் மேல் நிற்கும் சிறு கூண்டுகள் எதற்கு?

அவை புகலிடக் கூண்டுகள். நடைப்பாதையிலும் சாலைப் பாலத்துக்கு அருகிலும் உள்ளன. நீரில் சிக்கிக்கொண்டவர்கள் ஏணியில் ஏறி, நீர் மீண்டும் வடியும் வரை உயிருடன் இருப்பதற்காக அமைக்கப்பட்டவை. அங்கே பல மணி நேரம் குளிரில் காத்திருக்க வேண்டியிருக்கும். இளைப்பாறவோ படம் எடுக்கவோ ஏறும் இடமாக அதைக் கருதக் கூடாது. கம்பத்தடியில் ஒரு நிமிடம் நின்று கவனித்தால், நம் உயரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க, நீர் எதுவரை ஏறுகிறது என்பதைப் பாசியே காட்டிவிடும்.

வெறுங்காலுடன் நடக்க வேண்டுமா?

பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். கோடையில் மணலின் வரிவரியான மேடுகள் உள்ளங்காலில் அழுந்துவதும், அவற்றுக்கிடையே தேங்கிய நீர் வெதுவெதுப்பாக இருப்பதும், அடுத்த அடியிலேயே ஓடை நீர் சில்லிடுவதும் வெறுங்காலுக்கு மட்டும் கிடைக்கும் அனுபவங்கள். சேற்றுப் பகுதியில் காலணியைவிட வெறுங்கால் எளிதாக வெளியே வரும் என்பதும் உண்மை.

ஆனால் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீரிழிவு நோய் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், இங்கே ஒருபோதும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. சவரக்கத்தி போல் நீண்டு கூர்மையான ஓரமுள்ள சிப்பி ஓடுகள் மணலில் செங்குத்தாகப் புதைந்திருக்கும். குளிர்ந்த நீரில் மரத்த காலில் வெட்டுப்பட்டது தெரியவே தெரியாது. அவர்கள் காலோடு இறுகப் பிடிக்கும் பழைய கான்வாஸ் காலணியோ நீரில் நடப்பதற்கான காலணியோ அணிய வேண்டும். முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸைப் பலர் கேட்கிறார்கள். சேற்றில் அது புதைந்து நின்றுவிட, கால் மட்டும் வெளியே வருவதை ஒவ்வொரு நடையிலும் பார்க்கிறேன்.

சேலையோ வேட்டியோ கட்டிக்கொண்டு வரலாமா?

முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டினால் நடக்கலாம். ஒருவர் அப்படி நடந்து வந்திருக்கிறார். ஆனாலும் காற்றடிக்கும் நாளில் ஈரத்துணி உடம்பின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். அரைக்கால் சட்டையோ மடித்துவிடக்கூடிய கால்சட்டையோ, மேலே காற்றுத் தடுக்கும் மேலாடையோடு, நல்லது. இந்தக் கடல்நீர் கோடை முடிவிலும் 13, 14 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது. குளிர்கால இறுதியில் 5, 6 பாகைக்கு இறங்கிவிடும்.

குழந்தைகளும் முதியவர்களும் நடக்கலாமா?

ஐந்து கிலோமீட்டர் இடைவிடாது நடக்கும் பழக்கமுள்ள எவரும் நடக்கலாம். வழியில் உட்கார இருக்கையோ, நிழலோ, கழிப்பறையோ இல்லை. பாதியில் நடையை விட்டுவிட்டு வண்டி ஏறவும் முடியாது. சக்கர நாற்காலிக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் இந்தப் பாதை ஏற்றதன்று. நடக்க இயலாதவர்களைச் சாலைவழியே காரில் அனுப்பிவிட்டு, தீவில் சந்திக்கலாம். சேர் எண்ட்ஸில் நின்று, தொலைவில் புள்ளிகளாகத் தோன்றி மெல்ல மெல்ல மனிதர்களாகும் தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, எங்களைவிடத் தாம்தான் அதிகம் பார்த்ததாகச் சொன்னார்.

இந்தத் தீவு ஏன் புனிதமானதாகக் கருதப்படுகிறது?

அக்காலத்தில் இப்பகுதியை ஆண்ட நார்தம்பிரியா நாட்டின் அரசன் ஆஸ்வால்டின் அழைப்பை ஏற்று, ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஐயோனா தீவிலிருந்து ஐரிஷ் மரபுத் துறவி எய்டன் 635இல் இங்கே வந்து மடம் அமைத்தார். அரசனின் இருப்பிடமான பாம்பரோ தெற்கே கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது. அரண்மனைக்கு அருகிலும் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒதுங்கியும் இருக்க வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. தொடக்கத்தில் எய்டனுக்கு மக்களின் மொழி சரியாகத் தெரியவில்லை என்றும், சிறுவயதில் ஐரிஷ் மொழி கற்றிருந்த அரசனே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான் என்றும் பீட் எழுதுகிறார்.

எய்டன் எங்கும் நடந்தே செல்வார். ஆறுகளைக் கடக்க உதவட்டும் என்று ஆஸ்வின் என்னும் அரசன் அவருக்கு ஓர் உயர்ந்த குதிரையைக் கொடுத்தான். வழியில் ஓர் ஏழை கையேந்தியபோது, எய்டன் சேணத்தோடும் அணிகளோடும் அந்தக் குதிரையை அவனுக்குக் கொடுத்துவிட்டு நடந்து போனார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அறிந்த நமக்கு இந்த நிகழ்ச்சி அந்நியமாகத் தோன்றாது. சாலை இருக்கும்போது ஏன் சேற்றில் நடக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் குதிரையின் கதையைத்தான் சொல்வேன்.

அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் கத்பர்ட். இங்கே மடத்தை நடத்தி, பின்னர் தெற்கே உள்ள ஃபார்ன் தீவில் தனித்துத் தவம் இருந்து, 685இல் ஆயராக்கப்பட்டு, 687 மார்ச் 20 அன்று மறைந்தார். அவர் ஓர் இரவு கழுத்தளவு கடல்நீரில் நின்று வேண்டுதல் செய்துவிட்டுக் கரையேறியபோது, இரண்டு நீர்நாய்கள் வந்து தம் மூச்சுக்காற்றால் அவர் பாதங்களைச் சூடேற்றி, உடல் ரோமத்தால் துடைத்தன என்று பீட் சொல்கிறார். 698இல் கல்லறையைத் திறந்தபோது உடல் கெடாமல் இருந்தது என்ற செய்தி பரவவே, யாத்திரிகர் வரத் தொடங்கினர். கிராமத்துக்குப் பக்கத்திலேயே, தாழ் ஓதத்தில் நடந்து செல்லக்கூடிய மிகச் சிறிய திட்டு ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது.

லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் தீவில் இருக்கிறதா?

இல்லை, அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தீவில் நகலைக் காணலாம். 698 முதல் 721 வரை இங்கே ஆயராக இருந்த எட்ஃப்ரித், கன்றுத்தோல் ஏடுகளில் தாம் ஒருவராகவே எழுதி வண்ணம் தீட்டியது அந்த நூல் என்பர். 793 ஜூன் 8 அன்று வைக்கிங்குகள் என்னும் வட ஐரோப்பியக் கடற்கொள்ளையர் கடல்வழியாக வந்து மடத்தைச் சூறையாடினார்கள். காவலின்றிக் கடலோரம் இருந்த ஒரு மடம் தாக்கப்பட்ட செய்தி ஐரோப்பா முழுவதையும் அதிர வைத்தது. பின்னர் 875இல் துறவிகள் கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டு வெளியேறினார்கள். நெடுங்காலம் அலைந்து செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கி, 995இல் அவர்களின் வழிவந்தோர் டரம் நகரை அடைந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு, நூலின் லத்தீன் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிச் சேர்த்தார். நற்செய்திகளின் ஆங்கில வடிவங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே. கிரந்த ஏட்டின் வரிகளுக்கிடையே தமிழில் உரை எழுதிவைத்த ஓலைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சிறு எழுத்துகள் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

வழியில் என்ன பார்க்கலாம்?

பார்ப்பதற்கு முன் கேட்கலாம். பாதி தூரத்தில் வழிகாட்டி எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்வார். தெற்கே மணல்திட்டுகளில் கிடக்கும் கடல்நாய்களின் ஓலம் அப்போது காற்றில் வரும். ஒன்று தாழ்ந்த குரலில் தொடங்க, மற்றவை சேர்ந்துகொள்ளும். தொலைவிலிருந்து கேட்க, ஒப்பாரிபோல் இழையும் ஒலி. முதன்முறை கேட்ட என் மகள் யாரோ அழுகிறார்கள் என்று என் கையைப் பற்றிக்கொண்டாள்.

காலடியில், இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் சுருள் சுருளாக மணல் குவியல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மணலைத் தின்று அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு மீதியை வெளித்தள்ளும் கடற்புழுக்களின் வேலை அது. ஒவ்வொரு சுருளுக்கும் அருகே சிறு பள்ளம் ஒன்று இருக்கும். புழுவின் தலைப்பக்கம் அங்கே. சுருளுக்கும் பள்ளத்துக்கும் இடையே, ஒரு சாண் ஆழத்தில், வளைந்து கிடக்கிறது அந்த உயிர். இவ்வளவு பறவைகளை இந்த மணல்வெளி தாங்குவதற்கு அந்தப் புழுக்களும் ஒரு காரணம்.

கம்ப வரிசையை விட்டு விலகிப் போய்ப் பறவைகளைப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பரப்பு 1964 முதல் தேசிய இயற்கைக் காப்பகம். வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் குஞ்சு பொரிக்கும் வெளிர்வயிற்று பிரெண்ட் வாத்துகள் குளிர்காலத்துக்கு இங்கே வந்து கடற்புல் மேய்கின்றன. அந்த வாத்துக் கூட்டம் பிரிட்டனில் வழக்கமாக வந்து தங்கும் ஒரே இடம் இது. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்குக் கடற்புல் எப்படியோ, இவற்றுக்கு இங்குள்ள புல் அப்படி. உணவு தேடக் கிடைக்கும் சில மணி நேரத்தில் நாம் அருகே போய் எழுப்பிவிட்டால், சேர்த்த ஆற்றலை அவை பறந்தே செலவழித்துவிடும். கோடையில் ஆலாக்கள் கரையோர மணலில் முட்டையிடும்; கயிறு கட்டிய பகுதிகளுக்குள் போகக் கூடாது.

எந்த மாதம் நல்லது? மூடுபனி வந்தால் என்ன செய்வது?

மே முதல் செப்டம்பர் வரை பகல் நீளமாகவும் நீர் தாங்கக்கூடியதாகவும் இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் பெரிய மரச்சிலுவைகளைத் தோளில் சுமந்துகொண்டு பல நாள் நடந்து வரும் குழுக்கள் பெரிய வெள்ளியன்று இந்த மணலைக் கடந்து தீவை அடைகின்றன. குளிரைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதைப் பார்க்கலாம்.

இந்தக் கரையில் கோடையிலும் கடலிலிருந்து திடீரென்று மூடுபனி எழும். அடுத்த கம்பம் தெரியவில்லை என்றால் நடக்கக் கூடாது. தெரிந்த கம்பத்தின் வழியே வந்த பாதையில் திரும்ப வேண்டும். இடி இடித்தாலும் அப்படியே. அந்தத் தட்டைவெளியில் உயர்ந்து நிற்பவர்கள் நாம்தான்.

தீவில் எதைப் பார்க்க வேண்டும்? எப்படித் திரும்புவது?

டரம் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய மடத்துக் கோயிலின் இடிபாடுகளை முதலில் பாருங்கள். நடுக்கோபுரம் விழுந்த பின்னும் அதன் அடியில் இருந்த விலா வளைவுகளில் ஒன்று மட்டும் இன்றும் ஆகாயத்தில் வானவில்போல் நிற்கிறது. பக்கத்தில் உள்ள மரியன்னை ஆலயத்தில், ஆறு துறவிகள் கத்பர்ட்டின் பெட்டியைத் தோளில் சுமந்து செல்லும் மரச்சிற்பம் இருக்கிறது. சேற்றுக் காலுடன் நடந்து வந்து அதன்முன் நிற்கும்போது அந்தத் தோள்களின் பாரம் நமக்கு விளங்கும். மடம் 1537இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்ட பின் அதன் கற்களைக் கொண்டு கட்டிய சிறு கோட்டையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடாக மாற்றியவர், பிற்பாடு புது டெல்லியை வடிவமைத்த லட்யென்ஸ். நேரம் குறைவாக இருந்தால் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

அதே ஓதத்தில் மணல்வழியே திரும்பி நடக்கக் கூடாது. சாலைவழியே காரிலோ பேருந்திலோ, அட்டவணையில் உள்ள இறுதி நேரத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பாகத் திரும்ப வேண்டும். பெரிக் நகரிலிருந்து வரும் பேருந்தின் நேரம் ஓதத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்; எல்லா நாளும் ஓடாது. சாலை மூடினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். முடிந்தவர்கள் ஓர் இரவு முன்பதிவு செய்து தங்குங்கள். சுமார் 150 பேர் மட்டும் வாழும் ஊர் அது; கடைசிக் கார் போன பின் தெருவில் நம் காலடி ஓசையே நமக்குக் கேட்கும்.

நாங்கள் தீவை அடைந்த பிறகு, யாரோ தாமதமாக மணலில் இறங்குவதைக் கண்டால் என்ன செய்வது?

உங்கள் அருகில் இருந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், நம் ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டாலும் கடிகாரத்தையும் நீரையும் சுட்டிக்காட்டினால் புரிந்துகொள்வார்கள். தொலைவில் இருந்தால், நீர் அவர்களைச் சூழும்வரை காத்திராமல் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள். எத்தனை பேர், எந்தப் பக்கம் நடக்கிறார்கள், புகலிடக் கூண்டுக்கு முன்னா பின்னா என்பதைச் சொல்லுங்கள். பிறகு அவர்கள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், உதவி வரும்வரை அதே இடத்தில் நில்லுங்கள். அவர்களைத் தேடி நீங்கள் மணலில் இறங்கக் கூடாது.